சாவி பையில் இருக்க, கதவு திறப்பது எப்படி?

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் போகிறவர்கள், 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் வண்டியை நிறுத்தி, அவருடைய நினைவிடத்தைப் பார்த்துவிட்டுப் போவதுண்டு. அப்படி வந்து நிற்கும் புதிய கார் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். ஓட்டி வந்தவர் இறங்கிக் கதவின் கைப்பிடியை விரலால் ஒரு முறை தொடுகிறார். 'டக்' என்று நான்கு கதவுகளும் பூட்டிக்கொள்கின்றன. அவர் அப்பால் போனபின் வேறு யார் வந்து இழுத்தாலும் கதவு அசைவதில்லை. அவரே திரும்பி வந்து, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் இளநீருமாகக் கைப்பிடியைத் தொட்டால் உடனே திறக்கிறது. சாவியோ அவருடைய சட்டைப்பையை விட்டு வெளியே வரவேயில்லை.

இதில் கார் மனிதரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பையில் கிடக்கும் சாவியைத்தான் கண்டுகொண்டது. தொடாமல், துளையில் நுழைக்காமல் ஒரு சாவி தன்னை எப்படி நிரூபித்துக்கொள்கிறது? இந்த வினாவுக்கு ஒரே நாளில் விடை கிடைத்துவிடவில்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட கதை இது. அதில் பொறியியல் அறிஞர்களுக்குப் பாடம் கற்பித்தவர்களில் திருடர்களும் உண்டு.

முதலில் பழைய சாவியைப் பார்த்துவிடுவோம். பூட்டு என்றால் நமக்குத் திண்டுக்கல் நினைவுக்கு வரும். கையால் செய்யப்படும் அவ்வூர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்றைப் பிரித்தால் உள்ளே மெல்லிய லீவர் தகடுகள் வரிசையாக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைத் தூக்குகிறது. எல்லாத் தகடுகளும் சரியான உயரத்துக்கு வந்தால்தான் தாழ் நகரும். ஒன்று சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் நகராது. ஐந்து தகடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு உயரங்கள் என்று வைத்துக்கொண்டால் 1024 விதமான சாவிகள் வெட்டலாம். ஆகவே சாவி என்பது உலோகத்தில் எழுதிய ஓர் எண்ணே ஆகும்.

அந்த உலோகச் சாவியில் யாரும் பெரிதாக எண்ணாத இன்னொரு சிறப்பும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒருவர் கதவண்டை வரவேண்டும். துளையில் இட்டுத் திருப்பவேண்டும். சாவி இங்கேதான் இருக்கிறது, திறக்க வேண்டுமென்று ஒருவர் விரும்புகிறார் என்ற இரண்டும் கேளாமலே உறுதியாகிவிட்டன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அலையைக் கொண்டு ஒரு கருவியை இயக்கிக் காட்டும் வித்தை நம் நாட்டில் வெகு முன்பே நடந்துவிட்டது. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜகதீச சந்திர போஸ், 1895இல் அந்நகரின் டவுன் ஹாலில் பொதுமக்கள் முன் ஒரு சோதனை செய்தார். மில்லிமீட்டர் கணக்கில் அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகள் சுவர்களைக் கடந்து சென்று, அப்பால் இருந்த அறையில் மணியை ஒலிக்கச் செய்தன. சிறிதளவு வெடிமருந்தையும் பற்றவைத்தன. வங்காளத் துணை ஆளுநரும் பார்வையாளர்களில் ஒருவர். அலை வந்து பட்டதும் வாங்கியில் மின்னோட்டம் கூடும்; அது ஒரு ரிலேயை மூடும்; மணி அடிக்கும். இன்று உங்கள் காரின் கதவுக்குள் நடப்பதும் அடிப்படையில் இதுதான். மணிக்குப் பதிலாக ஒரு சிறு மோட்டார் சுழன்று தாழை நகர்த்துகிறது. மூன்றாண்டுகள் கழித்து, 1898இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகைக் கம்பியின்றி ஓட்டிக் காட்டினார்.

ஆனால் போஸின் மணி, "யார் அனுப்பிய அலை?" என்று கேட்கவில்லை. வேறொருவர் அதே போன்ற தீப்பொறியை உண்டாக்கியிருந்தாலும் அது அடித்திருக்கும். பூட்டுக்கு அது போதாது அல்லவா?

கார்க் கதவுக்கு இந்த வித்தை வந்து சேர எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1980இல் ஃபோர்டு நிறுவனம் சில கார்களின் கதவில் எண் பொத்தான்களை வைத்தது. எண்ணை அழுத்தினால் திறக்கும். 1982இல் பிரான்சின் ரெனோ ஃபியூகோ காரில் கையடக்கமான ஒரு கருவி வந்தது; தள்ளி நின்று பொத்தானை அழுத்தினால் கதவு திறந்தது. தொடக்க காலச் சாவிகளில் சில அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்தின. நம் வீட்டுத் தொலைக்காட்சிக் கருவியின் ரிமோட் போல. அதைக் குறி பார்த்துப் பிடிக்க வேண்டும். ரேடியோ அலைக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் அதுவே நிலைத்தது.

இச்சாவிகள் ஒரு சங்கேத எண்ணை அனுப்பின. எப்போது அழுத்தினாலும் அதே எண். வந்தது வினை! வாகன நிறுத்தத்தில் ஒருவன் வாங்கிக் கருவி ஒன்றுடன் மறைவாக நின்று, நீங்கள் பொத்தானை அழுத்தும்போது அந்த எண்ணைப் பதிவு செய்துகொள்கிறான். நீங்கள் போனபின் அதையே திரும்ப ஒலிபரப்புகிறான். கார் அவனை நீங்கள் என்றே நம்பித் திறந்துவிடுகிறது. எண்ணின் பொருள் அவனுக்குத் தெரியவேண்டியதே இல்லை. பாட்டின் பொருள் தெரியாமலே டேப் ரிக்கார்டர் பாடுகிறதல்லவா? அதைப் போன்றது இது.

இதற்குக் கண்ட மாற்று 'உருளும் எண்' முறை. சிவகாசியில் அச்சிடும் நாள் கிழிக்கும் காலண்டர்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தாள்தோறும் தேதிக்குப் பதில் தொடர்பற்ற எண்கள் ஒரே வரிசையில் அச்சிடப்பட்டுள்ளன என்று கொள்வோம். ஒன்று காரிடம், ஒன்று சாவியிடம். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் சாவி ஒரு தாளைக் கிழித்து அதிலுள்ள எண்ணைக் கூவுகிறது. கார் தன் காலண்டரைப் பார்த்துச் சரி என்றால் திறந்து, தானும் அந்தத் தாள் வரை கிழித்துப் போடுகிறது. ஒட்டுக்கேட்டவனிடம் இருப்பது கிழிக்கப்பட்ட பழைய தாள். அதனால் பயனில்லை. வீட்டில் குழந்தை விளையாட்டாகப் பொத்தானைப் பத்துத் தடவை அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கார் அடுத்த தாளை மட்டுமன்றி, அதற்குப் பின் உள்ள சில தாள்களையும் ஏற்றுக்கொள்ளும். 'கீலாக்' என்னும் முறையில் அப்படி 16 தாள் வரை இடம் உண்டு.

உண்மையில் சாவிக்குள் காலண்டர் எதுவும் இல்லை. அழுத்திய தடவைகளை எண்ணும் ஓர் எண்ணி இருக்கிறது. அந்த எண்ணிக்கையையும், உள்ளே பொதிந்துள்ள ரகசிய எண்ணையும் ஒரு கணக்கில் இட்டுக் கலக்கும்போது, எவராலும் முன்கூட்டிச் சொல்லமுடியாததாகத் தோன்றும் புதிய எண் கிடைக்கிறது. கீலாக் தென் ஆப்பிரிக்காவில் 1980களில் உருவானது. 1995இல் அமெரிக்க மைக்ரோசிப் நிறுவனம் அதை ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பல நாட்டுக் கார்களிலும் கொட்டகைக் கதவுகளிலும் அது ஏறி அமர்ந்தது.

இங்கே ஓர் இடைச்செருகல். எங்கள் கரிசல் பக்கத்தில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போவதுண்டு. அது ரகசியம்தான், ஆனால் ஊர் முழுவதும் அறிந்த ரகசியம். கீலாக்கின் கலக்கும் கணக்கையும் அதன் உரிமையாளர்கள் ரகசியமாகவே வைத்திருந்தார்கள். செய்முறை தெரிந்தாலும் சாவி எண் தெரியாதவரை உடைக்கமுடியாததாக ஒரு சங்கேதம் இருக்கவேண்டும் என்று அகஸ்ட் கெர்க்கோஃப்ஸ் என்பவர் 1883லேயே எழுதிவிட்டார். அதை மதிக்காததன் விலை பின்னர் தெரிந்தது. கணக்கு வெளியே கசிந்ததும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதை ஆராயத் தொடங்கினர். 2008இல் ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழகத்தினர், சில்லு கணக்குப் போடும்போது உறிஞ்சும் மின்திறனின் ஏற்ற இறக்கத்தை அளந்தே உள்ளிருக்கும் ரகசிய எண்ணைக் கண்டுபிடித்துக் காட்டினர். ஒரு தயாரிப்பாளரின் சாவிகள் பலவும் ஒரே தாய் எண்ணிலிருந்து பிறந்தவை. தாய் எண் கிடைத்தபின், எந்தச் சாவியும் அனுப்பும் இரண்டு செய்திகளை ஒட்டுக்கேட்டால் போதும். அதற்கு ஒரு நகல் செய்துவிடலாம்!

இதற்கிடையில் வேறொரு கிளையில் இன்னொரு வளர்ச்சி. பொத்தானை அழுத்துவதற்குக்கூட அவசியமில்லாத சாவி அந்தக் கிளையில்தான் காய்த்தது. 1945இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்குச் சோவியத் சிறுவர்கள் அழகிய மரச் சிற்பம் ஒன்றைப் பரிசளித்தனர். அது ஏழாண்டுகள் தூதரின் இல்லத்தில் தொங்கியது. 1952இல் அதற்குள் ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பது தெரிந்தது. லெவ் தெரமின் என்ற ரஷ்யரின் படைப்பு அது. அதில் பாட்டரியே இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையை அதன்மேல் பாய்ச்சினால், அறையில் நடக்கும் பேச்சுக்கேற்ப அந்த அலையை மாற்றித் திருப்பியனுப்பும். எதிரொலிக்கும் அலையில் செய்தி ஏற்றலாம் என்ற கருத்தை 1948இல் ஹாரி ஸ்டாக்மன் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினார். 1973இல் அமெரிக்கரான சார்லஸ் வால்ட்டன், சாவியின்றிக் கதவைத் திறக்கும் பாட்டரியில்லாத அட்டை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். கயத்தாற்றை அடுத்த சாலைப்புதூர் சுங்கச் சாவடியில் கார் நெருங்கியதும் தடுப்புக் கட்டை தானே உயர்கிறதே, அது கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டாக் பட்டையின் வேலை. அதிலும் பாட்டரி கிடையாது. 2021 பிப்ரவரி முதல் நாடெங்கும் அது கட்டாயமாயிற்று. 1990களில் காரின் சாவித் தலையிலும் இத்தகைய ஒரு சிறு சில்லு புகுந்தது. இஞ்சின் சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்கு மின்னாற்றல் ஊட்டி, "நீ யார்?" என்று கேட்கும். விடை தவறினால் இஞ்சின் ஓடாது. 1998 முதல் ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது.

பொத்தானும் வேண்டாம், துளையும் வேண்டாம் என்ற நிலைக்கு 1993இல் அமெரிக்காவின் கார்வெட் காரும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் மெர்சிடிஸ் எஸ் வகைக் காரும் வந்தன. இனி அதன் வேலையைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். இயற்பியல் மாணவர்களுக்கு இங்கேதான் விருந்து.

காரின் கைப்பிடிகளிலும் உட்புறத்திலும் பின்பெட்டியருகிலும் கம்பிச்சுருள் ஆண்டெனாக்கள் உள்ளன. கைப்பிடியில் விரல் பட்டதும் அங்குள்ள மின்தேக்கியின் மதிப்பு மாறுகிறது. கார் உடனே விழித்துக்கொண்டு, 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு கேள்வி அனுப்புகிறது. சாவி அதைக் கேட்டு, பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் விடை சொல்கிறது. கேள்விக்கு ஓர் அலை, விடைக்கு வேறோர் அலை ஏன்?

125 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 2,400 மீட்டர். சில சென்டிமீட்டர் சுருளிலிருந்து அது அலையாகப் புறப்பட்டுப் போவதே அரிது. சுருளைச் சுற்றி ஊசலாடும் காந்தப்புலமாகவே அது நிற்கிறது. மின்மாற்றியில் முதல் சுருள் இரண்டாம் சுருளைத் தூண்டுவது போலக் கார் சாவியைத் தூண்டுகிறது. இப்புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒரு மீட்டரில் ஒரு பங்கு என்றால் இரண்டு மீட்டரில் எட்டில் ஒன்று. பத்து மீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. ஆகவே ஒன்றரை மீட்டருக்கு அப்பால் இருக்கும் சாவிக்குக் கேள்வி காதில் விழாது. திறந்த வெளியில் வேலி கட்டினாற்போல இயற்கையே ஓர் எல்லை போட்டுத் தருகிறது. சாவி எப்படிக் கவிழ்ந்து கிடந்தாலும் கேட்பதற்காக, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று சுருள்களை அதில் வைத்திருக்கிறார்கள். புலத்தின் வலிமையை அளந்து, சாவி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்றும் கார் கணிக்கிறது. சாவியை இருக்கையில் மறந்துவிட்டுப் பூட்ட முயன்றால் கார் மறுத்து ஒலியெழுப்புவது இதனால்தான். விடையின் அலைநீளமோ 69 சென்டிமீட்டர்தான். அது சிறு பாட்டரியின் மூன்று வோல்ட் மின்சாரத்திலேயே பல மீட்டர் எளிதாகப் போய்விடும்.

கேள்வி என்ன? ஒவ்வொரு முறையும் கார் குலுக்கி எடுக்கும் ஒரு புதிய எண். சாவி அதைத் தன் ரகசிய எண்ணோடு கலந்து விடையை அனுப்பும். காரும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடும். ரகசிய எண் மட்டும் ஒருபோதும் காற்றில் ஏறுவதில்லை. அந்த எண் எவ்வளவு நீளமானது என்பது முக்கியம். 40 பிட் நீளமான ஒரு சங்கேதத்தை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2005இலேயே ஒரு மணி நேரத்துக்குள் உடைத்துக் காட்டினர். அதே சங்கேதம் விலையுயர்ந்த டெஸ்லா மாடல் எஸ் காரின் சாவியில் இருந்ததை, 2018இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் எடுத்துக்காட்டினர். பதின்மூன்று ஆண்டுகள்! இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அலட்சியம் என்பேன். இன்று பலர் பயன்படுத்துவது 128 பிட் நீளமானது. அதில் அமையக்கூடிய எண்களின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும்.

இவ்வளவு வலிய கணக்கு இருந்தும் கார் திருட்டுப் போயிற்று. கணக்கை யாரும் தொடவேயில்லை. எப்படி?

சதுரங்கம் ஆடத் தெரியாத ஒரு சிறுமி, ஆனந்துடனும் கார்ல்சனுடனும் ஒரே நேரத்தில் அஞ்சல் வழி ஆடுவதாகக் கொள்ளுங்கள். ஒருவரிடம் வெள்ளைக் காய், மற்றவரிடம் கறுப்பு. ஆனந்தின் நகர்த்தலை அப்படியே கார்ல்சனுக்கு எழுதுகிறாள். கார்ல்சனின் பதிலை ஆனந்துக்கு எழுதுகிறாள். ஒன்று இரண்டு ஆட்டமும் சமனாகும், அல்லது ஒன்றில் அவள் வென்றேவிடுவாள். கணித அறிஞர் ஜான் கான்வே 1976இல் சொன்ன வேடிக்கை இது. கார்த் திருடர்களும் இதையே செய்தனர். ஒருவன் கார் அருகில் ஒரு கருவியுடன் நிற்கிறான். இன்னொருவன் உரிமையாளர் பின்னாலோ வீட்டு வாசலிலோ நிற்கிறான். காரின் மெல்லிய கேள்வியை முதல்வன் வாங்கி மற்றவனுக்கு அனுப்ப, அவன் அதைச் சாவியருகே மீண்டும் உண்டாக்குகிறான். ஆணியில் தொங்கும் சாவி, கார் பக்கத்தில் இருப்பதாக எண்ணி நேர்மையாக விடை சொல்கிறது. ஸூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் எட்டு நிறுவனங்களின் பத்து வகைக் கார்களை இவ்வாறு சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். பத்தும் திறந்தன, இஞ்சினும் ஓடியது.

பழைய உலோகச் சாவி கேளாமலே தந்த இரண்டு உறுதிகளை இப்போது நினைத்துப் பாருங்கள். சாவி அருகில் இருக்கிறது என்பதும், திறக்க ஒருவர் விரும்புகிறார் என்பதும். பொத்தானை எடுத்ததும் விருப்பம் போயிற்று. புலம் வலிமையாக இருந்தால் சாவி அருகில்தான் இருக்கிறது என்று கார் நம்பியதால் இரண்டாவதும் போயிற்று. வலிமையைக் கூட்டிக் காட்டுவது எளிது. ஒரு பெருக்கி போதும்.

கூட்டிக் காட்டமுடியாதது ஒன்று உண்டு. அது ஒளியின் வேகம். கேள்வி போய் விடை வந்து சேர எடுத்த நேரத்தை அளந்தால் தொலைவு தெரியும். எந்தத் திருடனும் அலையை அதைவிட விரைவாக ஓட்டமுடியாது. இந்த யோசனையை 1993இல் பிராண்ட்ஸ், சாம் என்ற இருவர் எழுதினர். ஆனால் சாவி தன் கணக்கைப் போட ஆயிரத்தில் ஒரு விநாடி கூடுதல் குறைவாக எடுத்தாலும், அந்த நேரத்தில் அலை 300 கிலோமீட்டர் போய்விடும். கயத்தாற்றிலிருந்து சேலம் வரை! அதில் இரண்டு மீட்டரை எங்கே தேடுவது? அதனால் கடினமான கணக்கை முன்கூட்டியே முடித்துவைத்துக்கொண்டு, பிறகு மிகக் குறுகிய துடிப்புகளை மட்டும் பரிமாறுகிறார்கள். சாவி தான் எடுத்துக்கொண்ட இடைவேளையையும் சொல்லிவிடும். கார் அதைக் கழித்துக்கொள்ளும். நூறு கோடியில் ஒரு விநாடியில் அலை 30 சென்டிமீட்டர் ஓடும். அவ்வளவு நுட்பமான கடிகாரம் சாவிக்குள் அடங்க இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2018 முதல் சில கார்களில், பல கிகாஹெர்ட்ஸ் அளவிலான 'மிக அகன்ற அலைவரிசை' முறையில் இது வந்துள்ளது. 2021இல் கைபேசியையே சாவியாக்கும் பன்னாட்டு நெறிமுறையிலும் இடம்பெற்றது. ஆயினும் நம் சாலைகளில் ஓடும் கையில்லாச் சாவிக் கார்களில் மிகப் பல இன்னும் பழைய முறையினவே. சில சாவிகளில் அசைவை உணரும் கருவி உண்டு. சிறிது நேரம் அசையாமல் கிடந்தால் அவை தூங்கிவிடும், கேள்விக்கு விடை சொல்வதில்லை.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகைய கார் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கார் பூட்டியிருக்கட்டும், மாற்றுச் சாவி வீட்டுக்குள் எட்டத்தில் இருக்கட்டும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கதவிலிருந்து அடி அடியாகப் பின்னால் போக, மற்றவர் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கவேண்டும். எந்த இடத்தில் திறப்பது நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சாவியை மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, பிஸ்கட் வரும் தகர டப்பா, கனத்த அலுமினியத் தூக்குவாளி, பிளாஸ்டிக் டப்பா ஆகியவற்றில் மாற்றி மாற்றி வைத்து அதையே செய்யுங்கள். ஊசலாடும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும் என்பதையும், தகரத்தில் இரும்பு இருக்கிறது என்பதையும் மறவாமல் முடிவுகளை ஒப்பிடுங்கள். கடைசியாக, தூக்குவாளியின் மூடியை ஒரு விரல் அளவு திறந்துவைத்து இன்னொரு முறை அளந்து பாருங்கள்.